மேற்குக் காணியின் ஆண்மரங்கள்

பீக்கான் பண்ணை, அவுஸ்திரேலியா
14.07.2024

அன்பின் நிலாந்திக்கு,

நீரும் அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். எனக்குக் குளிரைத் தவிர வேறு குறை இல்லை. காலையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவதற்கு முதல் என்னுடைய பல் கிடுகிடுக்கிற சத்தம்தான் வருகிறது.

நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். பீக்கான் அறுவடை முடிந்தது. போன வருடம் ஒரு பொதி அனுப்பினேனே, அம்மா "சுருங்கின மூளை மாதிரிக் கிடக்கு" என்று சொல்லித் தின்னாமல் வைத்த பருப்பு, அதுதான். மேற்குக் காணியில் இந்த முறை வந்த பருமனில் எட்டு வருடமாகக் காய் வரவில்லை என்று ஜோன் அம்மா சொன்னார். தொப்பி போட்ட கிழவி என்று நீர் படத்தில் பார்த்துச் சிரித்தீரே, அவர்தான் பண்ணையின் சொந்தக்காரி. புருஷன் செத்து ஐந்து வருடம்.

இந்தக் காய்ப்புக்குக் காரணம் உம்முடைய புருஷன். பெருமை பேசுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளும். நான் இங்கே வேலைக்கு வந்த புதிதில், போன ஒக்ரோபரில், மேற்குக் காணி மரங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு, நிலத்தில் வெயில் விழாமல் நின்றன. கொஞ்சத்தைக் கிளப்பத்தான் வேண்டும். எதைக் கிளப்புவது என்று ஜோன் அம்மாவுக்குத் தெரியவில்லை. நட்டவர் அவருடைய புருஷன். "நீ மரங்களுக்குள்ளை வளர்ந்தவன், நீயே பார்" என்று ஒரு கட்டுச் சிவப்பு நாடாவைக் கையில் தந்தார்.

இரண்டு நாள் நடந்து பார்த்தேன். மூன்று வரிசைக்கு ஒரு வரிசையில் மரமெல்லாம் மஞ்சள் பூச்சரம் தொங்கியது. தட்டினால் தூள் கொட்டியது. மற்ற மரங்களில் சரத்தைக் காணோம், கொப்பு நுனியில் குண்டூசித் தலையளவு பிஞ்சுதான். நெடுந்தீவில் பிறந்தவனுக்கு இதைச் சொல்லியா தரவேண்டும்? ஆண்பனை பாளை விடும், காய்க்காது. சரம் தொங்கிய மரம் எல்லாவற்றுக்கும் நாடா கட்டினேன். தொண்ணூற்றாறு ஆண்மரம். அடுத்த மாதமே கொந்தராத்துக்காரன் மெசினோடு வந்து வேரோடு கிளப்பிக்கொண்டு போனான். மிச்ச மரத்துக்கு வெயில் கிடைத்தது. காய் பருத்தது.

இதற்கெல்லாம் சேர்த்து ஜோன் அம்மா நேற்று ஒரு வீட்டுக் கதவின் திறப்பைக் காட்டினார். தோட்டத்து மூலையில் இருக்கிற இரண்டு அறை வீடு. குசினி தனி. நீர் வந்தவுடன் அது எங்களுக்காம். உம்முடைய விசாப் படிவத்தில் அந்த விலாசத்தைத்தான் எழுதியிருக்கிறேன்.

ஞாயிறு போனில் இதைக் கதைக்காதேயும். நான் இங்கே வந்து தடுப்பு முகாமில் இருந்தபோது செய்த ஒப்பந்தம் நினைவிருக்கும்தானே. கடிதத்தில் எழுதினது கடிதத்தோடு. போன் அம்மாவுக்கும் அயலுக்கும்.

உமது,
ரஜீபன்

*

நெடுந்தீவு மத்தி
11.08.2024

அன்பின் இஞ்சாருங்கோவுக்கு,

சோளகக் காற்று வீசி எறிகிறது. உங்கள் கடிதம் குறிகட்டுவான் துறையில் நாலு நாள் படகுக்குக் காத்துக்கிடந்து, உப்புப் பிசுபிசுப்போடு வந்தது. மாமிக்கு முழங்கால் நோவு குறைவு. எனக்கு ஒரு நோவும் இல்லை. அந்தக் கடிதத்தை வாசித்த நாளிலிருந்து சாப்பாடுகூடக் கூடிவிட்டது.

குசினி தனி என்று எழுதினீர்கள், யன்னல் எந்தப் பக்கம் என்று எழுதவில்லை. நீள அகலம் அளந்து அனுப்புங்கோ. திரைச்சீலைக்கு யாழ்ப்பாணத்தில் துணி எடுத்து வைத்திருக்கிறேன். சிரிக்கவேண்டாம். கல்யாணம் கட்டிப் பதினாலு மாதம் ஒன்றாக இருந்தோம், பன்னிரண்டு வருடமாகக் கடிதம் எழுதுகிறோம். எனக்கு என்று ஒரு யன்னலுக்குத் துணி எடுக்கிறது இதுதான் முதல் தரம்.

என்னுடைய பாலர் பாடசாலையில் இப்போது பிள்ளைகள் மேனுகாவோடு நன்றாக ஒட்டிவிட்டார்கள். கெட்டிக்காரி. நான் பழக்கின பிள்ளை என்று வெளியே சொல்லலாம்.

உங்கள் ஆண்மரக் கதையை இரண்டு தரம் வாசித்தேன். ஒன்று கேட்கவேண்டும். ஒரு மரத்தையும் மிச்சம் விடவில்லையோ? எங்கள் வளவில் ஐயா எத்தனையோ ஆண்பனை தறித்தார், ஆனால் காற்று வருகிற பக்கம் இரண்டை விட்டுத்தான் வைத்தார். "அதுகும் நிக்கட்டும், நிண்டாத்தான் மற்றதுகள் காய்க்கும்" என்பார். உங்கள் ஊர் மரத்துக்கு வேறு சட்டமோ தெரியாது. எழுதுங்கோ.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு திரியுங்கோ.

உங்கள்
நிலாந்தி

*

பீக்கான் பண்ணை
03.11.2024

அன்பின் நிலாந்திக்கு,

நான் சுகம். உங்கள் இருவரின் சுகத்துக்கும் நயினை அம்மனைக் கும்பிடுகிறேன்.

பதில் பிந்திவிட்டது. இங்கே வேலை கூட. வெயிலும் தொடங்கிவிட்டது. தண்ணீர்க் குழாய்கள் மாற்றுகிறோம். ஜோன் அம்மாவுக்கு இருமல்.

யன்னல் அளவு பிறகு அனுப்புகிறேன். துணியைத் தைக்க அவசரப்படவேண்டாம். அங்கே உள்ள அலுவல்களையும் ஒன்றும் மாற்றாமல் அப்படியே வைத்திரும்.

அம்மாவுக்கு முழங்காலுக்குப் பூசுகிற தைலம் அனுப்பியிருக்கிறேன்.

உமது,
ரஜீபன்

*

நெடுந்தீவு மத்தி
01.12.2024

அன்பின் இஞ்சாருங்கோவுக்கு,

மாமியும் நானும் சுகம். தைலம் கிடைத்தது. மாமி அதை முழங்காலில் பூசாமல் வருகிறவர்களுக்கெல்லாம் மணக்கக் காட்டிக்கொண்டிருக்கிறா.

புயலென்று ஒரு கிழமை படகு ஓடவில்லை. மரக்கறி இல்லாமல் ஒடியல் கூழும் கருவாடும்தான். உங்கள் கடிதம் எப்படியோ நனையாமல் வந்தது. ஆனால் அது உங்கள் கடிதம் இல்லை. எழுத்து உங்களுடையது, கதை வேறு யாருடையதோ. தண்ணீர்க் குழாயைப் பற்றிப் புருஷன் பெண்சாதிக்கு எழுதுகிற கடிதத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

நான் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. யன்னலுக்கு அளவு இல்லை. வீட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. "அப்படியே வைத்திரும்" என்று ஒரு வசனம் மட்டும் இருக்கிறது. அதை நான் எத்தனை தரம் வாசித்தேன் என்று சொல்லமாட்டேன்.

என்ன நடந்தது?

நிலாந்தி

*

நெடுந்தீவு மத்தி
19.01.2025

அன்பின் இஞ்சாருங்கோவுக்கு,

தைப்பொங்கல் நல்லபடி முடிந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை. மனதுக்குத்தான்.

இது பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிற இரண்டாவது கடிதம். ஞாயிற்றுக்கிழமை போனில் "சாப்பிட்டீரோ, மழையோ" என்று கேட்கிறீர்கள். நானும் "ஓம், ஓம்" என்கிறேன். மாமி பக்கத்தில் இருந்து சிரிக்கிறா. போனை வைத்த பிறகு நான் கிணற்றடியில் போய் இருக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். அங்கே வேறு யாரும் இருந்தால் எழுதுங்கோ. பன்னிரண்டு வருடம் தனியே இருக்கிற ஆம்பிளை. நான் சத்தம் போட மாட்டேன் என்று சொல்லவில்லை, போடுவேன். ஆனால் தெரியாமல் இருக்கிறதைவிட அது மேல். திரைச்சீலைத் துணியைப் பார்க்கவே இப்போது கோபம் வருகிறது. அலுமாரிக்குள் அடியில் வைத்துவிட்டேன்.

நிலாந்தி

*

பீக்கான் பண்ணை
09.02.2025

அன்பின் நிலாந்திக்கு,

உம்முடைய இரண்டு கடிதமும் என்னுடைய தலையணைக்குக் கீழே கிடக்கின்றன. வேறு யாரும் இல்லை. சத்தியமாக இல்லை. என்னைப் பார்த்தால் இந்த ஊர்க் காகம்கூடத் திரும்பிப் பார்க்காது. இருப்பது வேறு சங்கதி. அதை எழுத மூன்று மாதம் தாளை எடுத்து எடுத்து வைத்தேன்.

நீர் கேட்டீரே, ஒன்றையும் மிச்சம் விடவில்லையோ என்று. அந்தக் கடிதம் எனக்குக் கிடைத்தது செப்ரெம்பரில். வாசித்துவிட்டுச் சிரித்தேன். ஆண்மரம் குறைந்தால் என்ன, ஆற்றுக்கு அங்கால் நிற்கும் என்று நினைத்தேன். ஒக்ரோபரில் மேற்குக் காணிக்குள் நடந்தேன். நான் பெண்மரம் என்று விட்டுவைத்த மரங்களின் நுனிப்பூவெல்லாம் பசையோடு விரிந்து நின்றன. பத்து நாள் நின்றன. நல்ல காற்றும் அடித்தது. காற்றில் ஒன்றும் வரவில்லை. பசை காய்ந்து, பூ நுனி கறுத்துப்போனது.

பிறகு நடந்ததுதான் என்னை நித்திரை கொள்ள விடாமல் செய்தது. பூ கறுத்து ஒரு கிழமைக்குள் அதே பெண்மரங்கள் சரம் தொங்கவிட்டன. நிலாந்தி, எல்லா மரமும். தூள் கொட்டி என்னுடைய தொப்பியே மஞ்சளாகிவிட்டது. அதை வாங்க ஒரு பூவும் மிச்சம் இல்லை.

கொட்டிலில் கிடந்த பழைய புத்தகம் ஒன்றைத் தூசு தட்டி வாசித்தேன். பீக்கானில் ஆண்மரம் பெண்மரம் என்று கிடையாது. ஒவ்வொரு மரத்திலும் இரண்டும் இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே நாளில் விழிக்காது. வெஸ்ரேன் என்கிற சாதி முதலில் தூளைக் கொட்டும், பிறகுதான் அதன் பெண்பூ விரியும். விச்சிட்டா என்கிற சாதிக்குப் பெண்பூ முதல், தூள் பிறகு. அதனால் ஒன்றின் தூள் மற்றதின் பூவுக்கு. தேனீயும் தேவையில்லை, காற்றே கொண்டுபோகும். இதைத் தெரிந்துதான் ஜோன் அம்மாவின் புருஷன் மூன்று வரிசைக்கு ஒரு வரிசை வெஸ்ரேன் நட்டிருக்கிறார். அந்த வரிசைகளை நான் ஒன்று விடாமல் கிளப்புவித்தேன். அவையும் நன்றாகக் காய்க்கிற மரங்கள். விச்சிட்டாவில் அன்றைக்கே சின்னச் சின்னப் பச்சைச் சரம் மொட்டாக இருந்திருக்கும். நான் பனையைப் பார்க்கிற கண்ணால் பார்த்தேன்.

போன வருட அறுவடை எப்படி நல்லாக வந்தது என்று கேட்பீர். மெசின் வருவதற்கு முதல் அந்த மரங்கள் தங்கள் தூளைக் கொடுத்துவிட்டுத்தான் போயின. அந்தக் காய்ப்பைத்தான் நான் என்னுடைய பெயரில் எழுதிக்கொண்டேன்.

டிசெம்பரில் பிஞ்செல்லாம் உதிர்ந்தது. ஜோன் அம்மா முதலில், போன வருடம் கூடக் காய்த்தது, இந்த வருடம் மரம் ஓய்வெடுக்கிறது என்றார். பீக்கான் அப்படியும் செய்யும். இப்போது பட்டணத்திலிருக்கிற மகன் வந்து பார்த்து, மரம் கிழடாகிவிட்டது, எல்லாவற்றையும் பிடுங்கிப்போட்டுப் பருத்தி போடுவோம் என்கிறான். ஓகஸ்டில் மெசின் வரும். இருநூறு நல்ல மரம். ஒன்றுக்கும் ஒரு நோயும் இல்லை.

நான் வாய் திறந்தால் வேலை போகும், வீடு போகும். திறக்காவிட்டால் மரங்கள் போகும். திறப்பைக் காட்டின அந்தக் கிழவியின் முகத்தை என்னால் பார்க்க ஏலாமல் இருக்கிறது. நீர் வந்து இறங்குகிற வீடு அது. நான் என்ன செய்ய?

உமது,
ரஜீபன்

*

நெடுந்தீவு மத்தி
04.03.2025

அன்பின் இஞ்சாருங்கோவுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் சுகமில்லை என்று தெரிந்தபிறகு உங்கள் சுகத்தை விசாரிக்கிறது பகிடி.

வேறு பெண் இல்லை என்று வாசித்தவுடன் முதலில் கும்பிட்டேன். பிறகு சிரித்தேன். பிறகு தொடர்ந்து வாசித்து அழுதேன். மரத்துக்காக மட்டும் அழவில்லை. இரண்டும் ஒரே மரத்தில் இருந்தும் நாள் ஒத்துவராது என்று எழுதியிருந்தீர்கள். நான் பெட்டி கட்டிக்கொண்டு நின்ற வருடங்களில் உங்களுக்கு என்னைக் கூப்பிட வழி இல்லை. உங்களுக்கு வழி வந்தபோது எனக்கு முப்பத்தொன்பது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைத் தூக்கி வைத்திருந்த கை இது. இதையெல்லாம் நான் உங்களிடம் சொன்னதே இல்லை. மரத்தைப் பற்றி நீங்கள் எழுதினதால் சொல்ல வந்தது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். போய்ச் சொல்லுங்கோ.

நீங்கள் இதை எனக்கு எழுதினதே, சொல்லத்தான் வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்ததால்தான். நான் ஓம் என்று சொல்லவேண்டும் என்று காத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஓம். அந்த அம்மா தன்னுடைய புருஷன் நட்ட மரம் கிழடு என்று நினைத்துக்கொண்டு அதைப் பிடுங்கப் போகிறா. நாளைக்கு அந்த வீட்டுக் குசினியில் நான் நின்றுகொண்டு யன்னலால் பார்த்தால் என்ன தெரியும்? பருத்தி தெரியும். அந்தப் பருத்தியைப் பார்த்துக்கொண்டு நான் எப்படித் தேத்தண்ணி போடுகிறது?

வீடு போனால் போகட்டும். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. பாலர் பாடசாலைப் பிள்ளைகளின் கலைவிழா போன கிழமை நடந்தது, நன்றாக இருந்தது. நான் முன்வரிசையில் இருந்து பார்த்தேன். என்னைப் பற்றி யோசிக்காமல் போய்ச் சொல்லுங்கோ.

சொல்லிவிட்டு எழுதுங்கோ. போனில் குரலைக் கேட்டே கண்டுபிடிப்பேன், ஆனாலும் எழுதுங்கோ.

உங்கள்
நிலாந்தி

*

பீக்கான் பண்ணை
20.04.2025

அன்பின் நிலாந்திக்கு,

உயிரோடு இருக்கிறேன். நீங்கள் இருவரும் நலமென்று போனில் கேட்டு அறிந்தேன். விசா வந்ததென்று நீர் சொன்னபோது என்னால் ஒழுங்காகச் சந்தோஷப்பட முடியவில்லை. ஏன் என்று இனித் தெரியும்.

உம்முடைய கடிதம் வந்த அன்றே போனேன். நாளைக்கு என்றால் போகமாட்டேன் என்று தெரியும். மிச்சம் இருந்த சிவப்பு நாடாவைக் கையில் கொண்டுபோய் ஜோன் அம்மாவின் மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். என்னுடைய ஆங்கிலத்தில் ஆண்பனை, பெண்பனை எல்லாம் சொல்லி முடிக்க அரை மணித்தியாலம் போனது. அவர் எழும்பிப் போய் அறைக்குள் இருந்து ஒரு சுருட்டின தாளைக் கொண்டுவந்து விரித்தார். புருஷன் கீறின படம். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு புள்ளி. மூன்றாவது வரிசை எல்லாம் வேறு நிறம்.

"இது உள்ளுக்கைதான் கிடந்தது" என்றார். "அவன்ரை கையெழுத்தைப் பார்க்க ஏலாமல் நான் விரிச்சுப் பார்க்கேல்லை. நீ படிச்சுப் பார்க்காமல் வெட்டினாய். நான் படிக்கக் குடுக்காமல் வெட்டச் சொன்னன்."

மன்னித்துவிட்டார் என்று நினைக்கவேண்டாம். அடுத்த நிமிடமே தொப்பியைச் சுவரில் எறிந்து ஏசினார். ஒன்றரை வருடம் சிரித்துக்கொண்டு என்னோடு தேத்தண்ணி குடித்தாயே என்றார். சரிதானே. ஐந்து மாதம்தான் தெரிந்துகொண்டு குடித்தேன் என்று திருத்த எனக்கு வாய் வரவில்லை. மேற்பார்வை வேலை போய்விட்டது. இனி மற்ற ஆட்களோடு கூலிக்குத்தான். வீட்டைப் பற்றி இனிக் கதைக்காதே என்றார். திறப்பு அவருடைய சட்டைப் பையில் இருக்கிறது. ஆனால் மெசின்காரனுக்குப் போன் எடுத்து வரவேண்டாம் என்று சொன்னார். இந்த ஒக்ரோபர் வரைக்கும் மரங்களுக்குத் தவணை. அதிலும் பிஞ்சு நிற்காவிட்டால் மகன் சொன்னதுதான்.

நான் கொட்டிலுக்குப் பின்னால் காரில் கொழுவி இழுக்கிற, சில்லு வைத்த பெட்டி வீடு ஒன்றில் இருக்கிறேன். ஒரு கட்டில், ஒரு அடுப்பு. நிமிர்ந்தால் தலை முட்டும். இதற்குள் உம்மைக் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. ரிக்கெற் போடவேண்டாம். ஒரு வீடு பார்த்த பிறகு வாரும். அடுத்த வருடம் கட்டாயம்.

சொன்னபிறகு நித்திரை வருகிறது. அதற்கு உமக்கு நன்றி.

உமது,
ரஜீபன்

*

பீக்கான் பண்ணை
10.08.2025

அன்பின் நிலாந்திக்கு,

என்னுடைய போன கடிதத்துக்கு மூன்று மாதத்துக்கு மேலாகியும் உம்மிடமிருந்து பதில் இல்லை. இந்த முறை பதில் இல்லாமல் தவிக்கிறது என்னுடைய முறை போலிருக்கிறது. போனில் நல்லாகத்தான் கதைக்கிறீர். உடம்பு சுகம் என்கிறீர். நம்புகிறேன்.

முதலில் இங்கத்தைய கதை. படத்தைப் பார்த்து வெஸ்ரேன் நாற்று எடுத்து, கிளப்பின இடங்களில் நட்டுவிட்டோம். அது தூள் கொட்ட ஐந்தாறு வருடம் எடுக்கும். அதுவரைக்கும் என்ன செய்ய என்று யோசித்தோம். அறுபது கிலோமீற்றருக்கு அங்கால் ஒரு பண்ணையில் வெஸ்ரேன் நிற்கிறது. கவாத்துப் பண்ணுகிற கொப்புகளைச் சரத்தோடு தர அவர்கள் சம்மதித்துவிட்டார்கள். ஒக்ரோபரில் எங்கள் பெண்பூ பசை விடுகிற நாளில், விடிய அதை வெட்டிக்கொண்டு வந்து, தண்ணீர் வாளிகளில் வைத்து, காற்று வருகிற பக்கத்து மரங்களில் உயரத்தில் கட்டவேண்டும். உம்முடைய ஐயா ஆண்பனையை விட்டு வைத்தாரே, அந்தப் பக்கம்தான். கொப்பு வாடாமல் பத்து நாளும் வாளித் தண்ணீர் மாற்றவேண்டும். ஜோன் அம்மா மகனைக் கேட்டார், அவன் மாட்டேன் என்றான். அவருக்கு எழுபத்தாறு வயது, ஏணியைப் பிடிக்க ஏலாது. ஒரு ஆள் மேலே, ஒரு ஆள் கீழே நின்றால்தான் நடக்கும். நான் ஒற்றையாகத்தான் செய்யவேண்டும், பார்ப்போம்.

இரண்டாவது சங்கதி. போன ஞாயிறு நீர் கிணற்றடிக்குப் போன நேரம் அம்மா போனில், "மேனுகாதானே இப்ப ரீச்சர், இவ போன ஓகஸ்டிலையே வேலையை விடுறன் எண்டு எழுதிக் குடுத்திட்டா, உனக்குத் தெரியாதே?" என்று கேட்டுவிட்டா. எனக்குத் தெரியாது. போன ஓகஸ்ட் என்றால் நான் வீட்டைப் பற்றி எழுதின கடிதம் கிடைத்த உடனே. உம்முடைய பழைய கடிதங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். பிள்ளைகள் மேனுகாவோடு ஒட்டிவிட்டார்கள். கலைவிழாவை முன்வரிசையில் இருந்து பார்த்தேன். எல்லாம் எழுதித்தான் இருக்கிறது, நான்தான் வாசிக்கவில்லை. "போய்ச் சொல்லுங்கோ, எனக்கு ஒரு குறையும் இல்லை" என்று எழுதின நேரம் உமக்கு அங்கே வேலையும் இல்லை, இங்கே வீடும் இல்லை.

எனக்கு வெட்கமாக இருக்கிறது, நிலாந்தி. எழுதும். ஏசியாவது எழுதும்.

உமது,
ரஜீபன்

*

நெடுந்தீவு மத்தி
08.09.2025

அன்பின் இஞ்சாருங்கோவுக்கு,

நான் சுகம். மாமி சுகம். இந்தக் கடிதத்தில் பொய் ஒன்றும் இல்லை, சுகமும் மெய்தான்.

ஏன் எழுதவில்லை என்று கேட்டால், கோபம். வீடு போனதுக்கு இல்லை. "அடுத்த வருடம்" என்று எழுதினதுக்கு. அந்தச் சொல்லை நான் பன்னிரண்டு தரம் கேட்டுவிட்டேன். மற்ற நேரமெல்லாம் அரசாங்கம் சொன்னது. இந்த முறை நீங்கள் சொன்னீர்கள். அதற்கு எழுத எனக்குக் கை வரவில்லை.

வேலையை விட்டதை ஏன் மறைத்தேன் என்று கேட்க மாட்டீர்கள், ஆனாலும் சொல்கிறேன். சொல்லியிருந்தால் நீங்கள் ஜோன் அம்மாவிடம் வாய் திறந்திருக்க மாட்டீர்கள். எனக்காக அந்த மரங்களைச் சாகவிட்டிருப்பீர்கள். அப்படிப்பட்ட ஆளிடம் வர எனக்கு விருப்பமில்லை. இப்போது இருக்கிற ஆளிடம் வர விருப்பம்.

ரிக்கெற் போட்டுவிட்டேன். செப்ரெம்பர் இருபத்தேழு. உங்கள் கேதீஸ்வரி அக்கா வந்து மாமியை வேலணைக்குக் கூட்டிக்கொண்டு போகிறா. மாமி முதலில் அழுதா, பிறகு தைலப் போத்தலைத் தூக்கிப் பையில் வைத்தா. திகதியைப் போனில் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்கிறேன். காரணம் மட்டும் இந்தக் கடிதத்துக்கு.

காரணம் இதுதான். ஒரு ஆள் மேலே, ஒரு ஆள் கீழே என்று எழுதினீர்கள். கீழே நிற்கிற ஆள் நான். பாலர் பாடசாலையில் இருபது பிள்ளைகளுக்குத் தண்ணீர் வார்த்த கைக்கு வாளிக்குத் தண்ணீர் மாற்றுகிறது பெரிய வேலை இல்லை. பெட்டி வீட்டில் தலை முட்டும் என்று எழுதினீர்கள். உங்களுக்கு முட்டும், எனக்கு முட்டாது. அதற்கும் ஒரு யன்னல் இருக்கும்தானே? துணியை அலுமாரி அடியிலிருந்து எடுத்துவிட்டேன். அளவு தேவையில்லை, வந்து வெட்டுகிறேன்.

பிஞ்சு நிற்குமோ உதிருமோ எனக்குத் தெரியாது. உதிர்ந்தாலும் நாங்கள் இரண்டு பேரும் அங்கே நின்று பார்ப்போம். பூ பசை விடுகிற அந்தப் பத்து நாளுக்கு முதல் வந்துவிடவேண்டும் என்று நாளை எண்ணித்தான் திகதி பார்த்தேன். இந்த முறை நாள் தப்ப விடமாட்டேன்.

படகு, கொழும்பு, விமானம் எல்லாம் ஒழுங்காக ஓடினால் இந்தக் கடிதத்துக்கு முன்னே நான் வந்து சேர்ந்துவிடுவேன். அப்படி நான் வந்தபிறகு இது வந்தால் உங்களை உடைக்க விடமாட்டேன். என்னிடம் தாருங்கோ என்பேன். பக்கத்தில் இருந்து நானே வாசித்துக் காட்டுகிறேன்.

உங்கள்
நிலாந்தி